அக்காவின் குரலும் நான் காதெடுத்த குருவிகளும்

தொண்ணூறுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் இருந்தவர்கள் என் அக்காவைப் பார்த்திருக்காவிட்டாலும் அவள் குரலைக் கேட்டிருப்பார்கள். துணிக்கடை திறப்பு, கொட்டகையில் படம் மாற்றம், கண் சிகிச்சை முகாம், எதுவானாலும் ஆட்டோ கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அவள்தான் பேசிக்கொண்டு போவாள். எங்கள் தெரு முனையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பாய், கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் சுவரெல்லாம் சாக்கும் பழைய மெத்தையும் அடித்து, அங்கே விளம்பரங்களை கேசட்டில் பதிவு செய்வார். பிளஸ் டூ முடித்த அக்கா அங்கே போன் எடுக்கும் வேலைக்குத்தான் போனாள். ஒரு நாள் பேச வேண்டிய ஆள் வராததால் பாய் அவளைப் பேசச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வேறு ஆளைத் தேடவில்லை.

ஆனால் அவளை நினைக்கும்போது எனக்கு அந்த விளம்பரங்கள் நினைவுக்கு வருவதில்லை. வைகாசியில் கருட சேவையன்று சின்ன காஞ்சிபுரமே ஜனத்தால் அடைத்துக்கொள்ளும். காணாமல் போன குழந்தைகளைக் கொண்டுவந்து விடுகிற பந்தலில் அன்று அக்காதான் மைக் பிடிப்பாள். "பச்சைப் பாவாடை போட்ட நாலு வயசுப் பாப்பா இங்க பத்திரமா இருக்குது" என்பாள். அதையே மூன்று விதமாகச் சொல்வாள். ஊருக்குச் சொல்லும்போது கணீரென்று இருக்கும். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குச் சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கி, பதறாதே என்பதுபோல் நிதானமாகும். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் காதுக்கருகில் அதே வார்த்தைகளைப் பாட்டு மாதிரி சொல்வாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்க்கும்.

நான் அவளைவிட நான்கு வயது இளையவள். சென்னையில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். விடியற்காலை ரயிலில் போய் இருட்டும்போது திரும்புவேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் குருவிகள் இருந்தன. பறவைக் கடைகளில் 'பின்ச்' என்று விற்பார்களே, சிவப்பு மூக்கும் ஆரஞ்சுக் கன்னமும் உள்ள சின்னக் குருவி, அது. அதில் ஆண் மட்டும்தான் பாடும். குஞ்சாக இருக்கும்போது அப்பன் பாடுவதைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, பல வாரங்கள் உளறி உளறி, கடைசியில் தனக்கென்று ஒரு பாட்டைச் செய்துகொள்ளும். பெட்டை எதிரில் இருந்தால் அச்சடித்ததுபோல் பிசகாமல் பாடும். தனியாக இருக்கும்போது அதே பாட்டைக் கொஞ்சம் இழுத்தும் குறுக்கியும் பார்க்கும். மூளையில் எந்தப் புள்ளி அந்த இழுப்பைச் செய்கிறது, எந்தப் புள்ளி அதைத் திருத்துகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்காக மூளையை மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் பரப்பிப் பார்ப்போம்.

இன்னொன்றும் செய்தோம். நன்றாகப் பாடும் குருவியின் காதை எடுத்துவிடுவோம். மயக்கம் கொடுத்து, மெல்லிய கொக்கிக் கம்பியை உள்ளே விட்டு, உட்காதை வெளியே இழுப்பது. தறியில் பாவு அறுந்தால் விழுகிற நூல் துணுக்கு அளவுதான் இருக்கும். வேலை நேர்த்தியாக வரும் என்று எனக்குப் பெயர். நெசவுக்காரர் வீட்டுக் கை என்று என் பேராசிரியர் சொல்வார். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தக் குருவி முன்புபோலவே பாடும். அதுதான் எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்றாலும் பாட்டு அப்படியே வரும். பிறகு நாள் போகப் போக ஒரு துண்டு மழுங்கும். ஒரு துண்டு திக்கித் திக்கித் திரும்ப வரும். பின்னால் அது பழைய பாட்டே இல்லை. ஆனால் பூனையைப் பார்த்துக் கத்தும் கத்தலும், பசிக்குக் கூப்பிடும் சத்தமும் கடைசி வரை மாறாது. அவை பிறக்கும்போதே வந்தவை, மூளையின் அடியில் வேறொரு பழைய வழியில் வருகிறவை. கற்றுக்கொண்டதற்குத்தான் காது காவல் நிற்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்த காலத்தில்தான் அக்காவுக்கு இரண்டாம் முறை காசநோய் வந்தது.

முதல் முறை வந்தபோது மாத்திரை தின்று இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் அவளே நிறுத்திவிட்டாள். மாத்திரையில் தொண்டை வறள்கிறது, மைக்கில் பேச முடியவில்லை என்று காரணம் சொன்னாள். ஒரு வருஷம் கழித்துச் சளியில் ரத்தம் வந்தது. இந்த முறை மாத்திரையோடு ஊசியும் போட வேண்டும் என்றார்கள். காலை நேரத்தில் நைனாதான் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். நைனா என்று அப்பாவைத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். போய்வந்த பிறகுதான் அவர் தறியில் உட்காருவார்.

மூன்றாவது வாரம் அக்கா வாசற்படி இறங்கும்போது தடுமாறி விழுந்தாள். பலவீனம், ரத்தசோகை என்று அம்மா முருங்கைக்கீரை சமைத்தாள். அதற்குப் பிறகு அக்கா என்னிடம், "காதுல கொசு கத்துற மாதிரியே இருக்குதுடீ. கையால தட்டினாலும் போவ மாட்டேங்குது" என்றாள்.

"நோயே அப்படித்தான்க்கா. ஊசிய மட்டும் விட்றாத" என்றேன். "போன தடவை பாதியில நிறுத்தினியே, அதனாலதான இப்ப இவ்ளோ."

அந்த ஊசி சிலருக்கு உட்காதைத் தின்றுவிடும் என்று எங்கோ ஒரு பாடப்புத்தகத்தில் நான் படித்திருந்தேன். படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. ஊசியை நிறுத்தினால் நெஞ்சு போயிருக்கும். ஆனால் மருத்துவரிடம் கொசுச் சத்தத்தைப் பற்றிச் சொல் என்றாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் இரண்டு முறை என்னிடம் சொன்னாள். இரண்டு முறையும் நான் ஊசியை விடாதே என்று மட்டும்தான் சொன்னேன்.

ஒரு காலை அவள் எழுந்து, "என்ன இன்னிக்கு எந்த வூட்டுலயும் தறி ஓடல?" என்று கேட்டாள். நைனா அப்போது கூடத்தில் தறியை அடித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டிலும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு நைனாவின் தறி அசைவதைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊசியை மாற்றினார்கள். நோய் குணமாயிற்று. காது திரும்பவில்லை. சென்னையில் பெரிய மருத்துவமனையில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் விதவிதமான சத்தம் போட்டு ஒரு மணி நேரம் சோதித்தார்கள். வெளியே வந்து, "ஒண்ணுமே போடலியே, எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

அப்போது அவள் பேச்சு முழுசாக இருந்தது. அதே கணீர், அதே ஏற்ற இறக்கம். வீட்டில் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். பேச்சு இருக்கிறதே, அது போதும் என்றாள் அம்மா. நாங்கள் சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவோம், அவள் வாயால் பதில் சொல்வாள். காலையில் நைனாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவது சின்ன வயதிலிருந்து அவள் வேலை. தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி குரலை ஏற்றிப் படிப்பாள். அதையும் விடவில்லை. நைனா தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

எனக்கு மட்டும் அடுத்து என்ன வரும் என்று தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தின் டேப் ரெக்கார்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குருவிகளைப் பதிவு செய்யும் அதே இயந்திரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் செய்தித்தாள் படிக்கும்போது, பக்கத்தில் துணி மடிப்பதுபோல் உட்கார்ந்து, அதைப் புடவைக்கடியில் வைத்து ஓடவிடுவேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் அவள் குரலைப் பத்திரப்படுத்த என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை. திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் கேசட்டைப் போட்டு, குருவிப் பாட்டைக் கோடுகளாக வரைந்து காட்டும் கருவியில் அவள் குரலையும் வரைந்து பார்த்தேன். அதுவும் உண்மை.

சகரம்தான் முதலில் போயிற்று. காஞ்சியில் இருந்த 'ஞ்சி' மெல்லத் தேய்ந்தது. பிறகு கேள்வி கேட்கும்போது கடைசியில் மேலே ஏறும் குரல் ஏறாமல் நின்றது. "சாப்ட்டாச்சு" என்பது கேள்வியா, பதிலா என்று புரியாமல் போனது. மூக்கொலி கூடியது. சத்தம் சம்பந்தமில்லாமல் ஏறியது, கோயிலில் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் பேசியது பிரகாரம் முழுக்கக் கேட்டது. ஒரு நாள் அவள் கல்யாணத்துக்காக வைத்திருந்த புடவையை அம்மா அத்தைப் பெண்ணுக்குக் கொடுத்தபோது அக்கா அழுதாள். அந்த அழுகையில் எந்த மாற்றமும் இல்லை. சின்ன வயதில் கேட்ட அதே அழுகை. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். பழைய வழி சேதப்படவில்லை என்று மனதில் குறித்துக்கொண்டேன். அவள் தோளைத் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் செய்தேன்.

"என் குரல் மாறிடிச்சா?" என்று ஒரு முறை கேட்டாள். "இவங்க எல்லாம் நான் பேசினா மூஞ்சிய ஒரு மாதிரி வெக்கிறாங்க."

நோட்டை வாங்கி, 'இல்லை' என்று எழுதினேன்.

அதை நம்பித்தான் அவள் பாய் கடைக்குப் போனாள். வேலை வேண்டுமென்று அவளே போய்க் கேட்டிருக்கிறாள். பாய் மறுக்கவில்லை. என்னையும் வரச் சொன்னார். அதே அறை, அதே சாக்கு. ஒரு பாத்திரக்கடை விளம்பரம் எழுதிய தாளை அவள் கையில் கொடுத்தார். அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, பழக்கப்பட்ட இடத்தில் நின்று பேசினாள். கடை வேலையாட்கள் இருவர் வாசலில் நின்றார்கள். முதல் வரி முடிந்ததும் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். பாய் ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. முடியும் வரை பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அக்கா, "எப்டி பாய்?" என்றாள்.

பாய் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சிரிக்கவும் செய்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வாசலில் மிச்சமிருந்த ஆளைப் பார்த்தாள். தாளை நான்காக மடித்து மேசை மேல் வைத்தாள்.

அவள் முன்னால் போக, பாய் என்னை நிறுத்தி, "அல்லா மேல ஆணையா சொல்றேம்மா, அந்தப் பழைய கேசட்டையே போட்டு ஓட்டிக்கினு இருக்கறேன். கடைக்காரங்க அந்தக் குரல் மேல ஆசைப்பட்டுதான் கேக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கே அவள் என் அலமாரியைத் திறந்திருக்கிறாள். மறுநாள் நான் ரயிலிலிருந்து வந்தபோது கட்டிலின் மேல் கேசட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். குருவிக் கேசட்டுகளில் கு என்று போட்டு எண் எழுதியிருந்தேன். அவளுடையவற்றில் அ என்று போட்டு எண் எழுதியிருந்தேன். பக்கத்தில் என் ஆய்வு நோட்டு விரித்திருந்தது. அதில் இரண்டு கோட்டுப் படங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி, இரண்டின் ஓரத்திலும் 'காது போன பிறகு' என்று எழுதியிருந்தேன்.

"இது நானா?" என்று கீழே இருந்ததைத் தொட்டுக் காட்டினாள்.

தலையசைத்தேன்.

"இது குருவியா? அதுக்கும் ஊசி போட்டாங்களா?"

நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கை நின்றுவிட்டது. அவள் பிடிவாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை. நான்தான் காதை எடுத்தேன்' என்று எழுதினேன்.

வெகு நேரம் படித்தாள். இவ்வளவு சின்ன வாக்கியத்தை யாரும் அவ்வளவு நேரம் படித்து நான் பார்த்ததில்லை.

"அப்ப உனக்கு முன்னயே தெரியும். எனக்கு இப்டி ஆவும்னு."

'தெரியும்.'

"கேட்டப்போ இல்லன்னு எழுதிக் காட்டின."

பேனாவின் மூடியைப் போட்டேன்.

"அதுங்க எப்ப பாடறத நிறுத்திச்சு?" என்றாள்.

'நிறுத்தாது. பாடிக்கொண்டேதான் இருக்கும்' என்று எழுதினேன். அவள் அதையும் படித்தாள். தன் கேசட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். டேப்பைக் கையால் இழுத்து இழுத்து உருவி, வெந்நீர் அடுப்பில் போட்டாள். நான் தடுக்கவில்லை. நாற்றம் இரண்டு நாள் வீட்டில் இருந்தது.

அன்றிலிருந்து வெளியாட்கள் எதிரில் அவள் வாயைத் திறக்கவில்லை. கடைக்குப் போனால் சீட்டெழுதிக் கொடுப்பாள். நைனாவுக்குச் செய்தித்தாள் படிப்பதும் நின்றது. அவர் ஒரு மாதம் வரை காலையில் தாளை அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். நான் ஆராய்ச்சியை விட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. கொக்கிக் கம்பி வேலையை இன்னொரு மாணவியிடம் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே இருந்த கணக்குகளை வைத்து ஆய்வேட்டை முடித்து, பட்டம் வாங்கி, பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆய்வேட்டில் அக்காவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். இருவரும் ஒரே தறியில் வேலை செய்பவர்கள். அவர்களுடைய பெண் குழந்தை எட்டு மாதத்தில் தவழ்ந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். காலையிலிருந்து மதியம் வரை அக்காவிடம்தான் இருக்கும். தறிக்கு நூல் தார் சுற்றும் ராட்டைக்குப் பக்கத்தில் ஒரு புடவையை விரித்து அதை விட்டுவிட்டு அக்கா வேலை பார்ப்பாள். நான் ஒரு நாள் கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தபோதுதான் கவனித்தேன். அக்கா குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, காலை முழுக்க, நிறுத்தாமல். குழந்தை முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குரலைத் தவிர வேறொன்றை அது அவளிடம் கேட்டதில்லை.

இரண்டு வயது தாண்டியபோது ஒரு நாள் அதன் அம்மா என்னைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள். கையில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"தப்பா நெனைக்காதக்கா," என்றாள். "பாப்பா பெரியக்கா மாதிரியே பேசுது."

"என்ன மாதிரி?"

"அம்மான்னு கூப்பிடறது கூட அப்டி இழுத்து மூக்கால வருது. சோறுன்னு சொல்ல வரல. எங்க மாமியார் வூட்டு ஆளுங்க வந்தப்போ சிரிச்சிட்டாங்க. அவரு ரொம்ப சங்கடப்படறாரு."

"குழந்தைதானம்மா. இன்னும் நாலு பேர் பேசறதக் கேட்டா தானா மாறிடும். இந்த வயசுல கத்துக்கினது எல்லாம் திருத்திக்கலாம்" என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது.

"நீ படிச்சவ, உனக்குத் தெரியும்க்கா. எனக்கு பயமா இருக்குது" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து குழந்தையை அனுப்பவில்லை. அவள் தன் அம்மா வீட்டிலிருந்து தங்கையை வரவழைத்துக்கொண்டாள். அக்கா இரண்டு நாள் புடவையை விரித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள்.

"பாப்பாக்கு உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று எழுதியிருக்கலாம். ஜுரம், ஊருக்குப் போயிருக்கிறார்கள், எதையாவது எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்து, குழந்தை அவளைப்போல் பேசுகிறது என்பதால் அனுப்பவில்லை என்று எழுதினேன்.

அக்கா படித்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது வருத்தம் இல்லை. என்னைப் பார்த்து, நம்ப முடியாதவள்போல், "என்ன மாதிரியா? எந்த வார்த்தை?" என்று கேட்டாள்.

'அம்மா. சோறு' என்று எழுதினேன்.

"சோறு," என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். பிறகு என் கையிலிருந்த நோட்டை மூடி, விரித்திருந்த புடவையை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

குழந்தை சில நாள் எங்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று அவளைக் கூப்பிட்டது. அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டுத் திருப்பியிருக்கலாம். ஒரு முறை அப்படிச் செய்யவும் செய்தேன். அவள் திரும்பி, குழந்தையைப் பார்த்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினாள். குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதன் சித்தி வந்து தூக்கிக்கொண்டு போனாள்.